இடமிருந்து வலம்

உறையைப் பிரித்துப் புது டிஸ்க்கை உள்ளங்கையில் வைத்ததும் அதற்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. யாரோ டம்ளரில் கரண்டி விட்டு நிதானமாகக் கலக்குவதுபோல, கிணிங், கிணிங் என்று. பிறகு நின்றது. பிறகு ஒரு உறிஞ்சல்.

அவன் அதைத் திருப்பிப் பார்த்தான். சீட்டுக்கட்டில் பாதி கனம்கூட இல்லாத ஒரு கறுப்புத் தகடு. ஒயர் கிடையாது, மின்சாரம் கிடையாது. பழைய ரக ஹார்டு டிஸ்க் என்றால் உள்ளே ஒரு தட்டு சுற்றும், டிக் டிக் என்று முனகும். இது எஸ்.எஸ்.டி. இதற்குள் அசைவதற்கே எதுவும் இல்லை. மாடி வீட்டில் எவனோ எதையோ கலக்கிக் குடிக்கிறான் என்று முடிவுகட்டிவிட்டு ஸ்க்ரூடிரைவரைத் தேடினான். அது, தேடும்போது எப்போதும் போல, இல்லை.

வீட்டு வரைபடம் போடுவது அவன் தொழில். அடுத்தவர் வீட்டில் எந்தச் சுவர் எங்கே வரவேண்டும், கதவு எந்தப் பக்கம் திறக்கவேண்டும் என்று சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தபடியே தீர்மானிப்பவன். அவனுடைய லேப்டாப்போ கிழடு தட்டிப் போயிருந்தது. பொத்தானை அழுத்திவிட்டுக் குளித்துத் தலை துவட்டிக்கொண்டு வந்தாலும் அது இன்னும் யோசித்துக்கொண்டிருக்கும். புதிது வாங்குவதற்குப் பதில் டிஸ்க்கை மாற்றலாம், பேட்டரியை மாற்றலாம், சார்ஜரை மாற்றலாம் என்று யாரோ சொல்ல, இவனும் ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்தான். டிஸ்க் மட்டும் கைமாறிய சரக்கு.

"சுத்தமா தொடச்சு வச்சது சார். உள்ள ஒண்ணுமே இல்ல, காலி" என்றார் கடைக்காரர். "முன்னாடி வச்சிருந்தவரு ரொம்பப் பொறுமைசாலி போலிருக்கு. ஒரு கீறல்கூட இல்ல பாருங்க."

பொறுமை என்ற சொல்லே அவனுக்கு ஆகாது. வீட்டில் அவனுக்குச் சிடுமூஞ்சி என்று பெயர். வைத்தவள் மனைவி; வழிமொழிந்தவள் மகள்.

மகளை வாண்டு என்று கூப்பிடுவார்கள். இன்று பள்ளி விடுமுறை, மனைவிக்கு மருத்துவமனையில் பகல் ஷிஃப்ட், வெளியே விடாத மழை. சார்ஜர் வந்த அட்டைப் பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு காலையிலிருந்து அவள் அவனையே சுற்றிக்கொண்டிருந்தாள். அந்தப் பெட்டியில் அவளுடைய பொம்மைக்கு ஒரு வீடு வெட்டித் தருவதாக அவன் வாக்குக் கொடுத்திருந்தான். கதவு வைத்து, ஜன்னல் வைத்து, மாடி வைத்து.

"அப்பா, இப்ப வெட்டலாமா?"

"இருடா. இது முடியட்டும்."

"எப்ப முடியும்?"

"நீ கேக்காம இருந்தா முடியும்."

முடியத்தான் இல்லை. புது பேட்டரி அதன் குழிக்குள் பல் ஆடுவதுபோல ஆடியது. எவ்வளவு நேரம் சார்ஜ் போட்டாலும் பூஜ்யத்திலேயே நின்றது. சார்ஜரோ அதற்கு மேல். எல்லா லேப்டாப்புக்கும் பொருந்தும் என்று ஒரு பை நிறையப் பின்கள் கொடுத்திருந்தார்கள், ஒன்றாவது ஒழுங்காகப் பொருந்தவேண்டுமே! பொருந்தியதும், இடது பக்கமாகச் சாய்த்து விரலால் அழுத்திப் பிடித்தால்தான் மின்சாரம் ஓடியது. விரலை எடுத்தால் திரை இருண்டது. பழைய டிஸ்க்கை லேப்டாப்பிலேயே விட்டு, புது டிஸ்க்கை வெளியே ஒரு கண்ணாடி டப்பாவில் போட்டுக் கேபிளால் இணைத்து, உள்ளேயிருப்பதை வெளியே காப்பி எடுக்கப் பார்த்தான். பாதியில் பின் நழுவியது. எல்லாம் போயிற்று. மறுபடி பார்த்தான். இந்த முறை புது டிஸ்க்கை டப்பா ஏற்றுக்கொள்ளவே மறுத்தது.

சரி, மாற்றிப் போட்டுப் பார்ப்போம் என்று இரண்டையும் கழற்றினான். ஒரு குட்டித் திருகு கீழே விழுந்து உருண்டது. அதைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடி எடுத்து முடுக்கும்போது ஸ்க்ரூடிரைவர் வழுக்கி இடது கட்டைவிரலைக் கிழித்தது. நிமிர்ந்து பார்த்தால், மேசையில் கிடந்த பழைய டிஸ்க்கின் நெற்றியில் வாண்டு ஒரு மஞ்சள் நட்சத்திர ஸ்டிக்கரை ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"கை வைக்காதேன்னு எத்தன தடவ சொல்றது? அறிவில்ல?"

அவள் கையை இழுத்துக்கொண்டாள். உதடு பிதுங்கியது. ஆனால் அழவில்லை. "ரத்தம் வருதுப்பா. பிளாஸ்திரி போட்டு விடட்டுமா?"

"ஒண்ணும் வேணாம். உள்ள போய் விளையாடு. நான் கூப்பிடறவரைக்கும் வெளிய வரக்கூடாது."

அட்டைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் அறைக்குப் போனாள். கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது. அவனுக்கு ஒரு கணம் சுருக்கென்றுதான் இருந்தது. அதற்குள் போன் அடித்தது. மனைவி.

"இன்னும் அதையே நோண்டிக்கிட்டு இருக்கீங்களா?"

"நாளைக்குக் காலையில காண்டிராக்டருக்கு படம் போகணும். இது வேற உயிர வாங்குது."

"குட்டி என்ன பண்றா?"

"உள்ள இருக்கா."

"திட்டினீங்களா?"

அவன் கட்டைவிரல் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டான். "சாயங்காலத்துக்குள்ள அந்த வீட்ட வெட்டிக் குடுத்துடுங்க. நேத்திலேர்ந்து அதே நெனப்பா இருக்கா" என்று சொல்லி அவள் வைத்துவிட்டாள்.

பின்னைச் சாய்த்து அழுத்தினான். காப்பி மென்பொருள் பென் டிரைவிலிருந்து கிளம்பியது. திரையில் இரண்டு கட்டங்கள், ஒரே அளவு, ஒரே நிறம். இடது கட்டத்திலிருந்து வலது கட்டத்துக்கு ஒரு அம்புக்குறி. கீழே சிவப்பில் ஒரு நீண்ட எச்சரிக்கை. அதைப் படிக்கத் தொடங்கும்போது உள்ளிருந்து "அப்பா!" என்று குரல் வந்தது.

"வரேன், வரேன்!" என்று கத்திக்கொண்டே அவன் சம்மதம் என்ற பொத்தானைத் தட்டினான்.

எவ்வளவு முடிந்தது என்று காட்டும் கோடு நகர ஆரம்பித்தது. டப்பாவில் நீல விளக்கு சிமிட்டியது. முதல் முறையாக எதுவும் முரண்டு பிடிக்கவில்லை. விரலை எடுக்க முடியாது என்பதால் எழுந்து போகவும் முடியவில்லை. "அஞ்சு நிமிஷம்டா!" என்று அறையைப் பார்த்துக் குரல் கொடுத்தான். பதில் இல்லை. கோபித்துக்கொண்டிருப்பாள், பிறகு சமாதானம் செய்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டான்.

மழை கொஞ்சம் ஓய்ந்தபோதுதான் வீட்டின் சத்தங்கள் ஒவ்வொன்றாகத் தெளிந்தன. குளிர்சாதனப் பெட்டியின் ரீங்காரம், ஜன்னல் விளிம்பில் சொட்டும் நீர், சுவர்க் கடிகாரம். அவற்றுக்கு நடுவே, சமையலறையில், கிணிங், கிணிங் என்று டம்ளரில் கரண்டி சுற்றும் சத்தம். மாடியில் இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம். அவசரமே இல்லாத கலக்கல். சர்க்கரை முழுக்கக் கரையட்டும் என்று காத்திருக்கும் ஒருவரின் கலக்கல். பிறகு அந்த உறிஞ்சல்.

"வாண்டு? கிச்சன்ல என்ன பண்ற?"

கரண்டி நின்றது. தரையில் ஒரு நாற்காலி நகர்ந்தது. அவர்கள் சமையலறையில் நாற்காலி கிடையாது.

எழுந்து பார்த்திருக்கவேண்டும். ஆனால் கோடு கால்வாசியைத் தாண்டியிருந்தது. இப்போது விட்டால் மறுபடி முதலிலிருந்து. அந்த எண்ணமே அவனுக்கு எரிச்சலைக் கிளப்பியது. ஒரு நாள் முழுக்க இந்தப் பின்னும் பேட்டரியும் அவனைப் பாடாய்ப் படுத்தியிருந்தன. சத்தம்தானே, வந்துவிட்டுப் போகட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

அடுத்து வாசனை வந்தது. தாழ்வாரத்தின் பக்கமிருந்து, மழை ஈரத்தைத் தாண்டிக்கொண்டு, அப்போதுதான் சவரம் செய்துகொண்ட முகத்தின் சோப்பு வாசனை. அவன் சவரம் செய்து நாலு நாளாகிறது. யாரோ ஒரு பாட்டை வாய்க்குள்ளேயே முணுமுணுத்துக்கொண்டு மகளின் அறைப் பக்கம் நடந்து போனார்கள். செருப்பில்லாத கால். ஒவ்வொரு அடியும் தரையில் ஒட்டி ஒட்டி எழுந்தது. கதவு திறந்தது. கதவு சாத்திக்கொண்டது.

"அய்!" என்று உள்ளே வாண்டு சிரித்தாள்.

பொம்மையோடு பேசுகிறாள் என்று சொல்லிக்கொண்டான். பொம்மையோடு பேசும்போது அவள் இரண்டு குரலிலும் தானே பேசுவாள். இப்போது ஒரு குரல்தான் அவளுடையது. மற்றது தாழ்ந்த குரல், சொற்கள் புரியவில்லை. நடுவில் கத்தரிக்கோல் கெட்டியான அட்டையைக் கடிக்கும் சத்தம். கறுக். கறுக். நிதானமாக.

ஒரு கையால் பின்னைப் பிடித்தபடி மறு கையால் மனைவிக்குப் போன் போட்டான்.

"ஹலோ?"

"நான்தான். இங்க வீட்டுல…"

"யாரு பேசறீங்க?"

"நான்தாம்மா. விளையாடாதே. வீட்டுக்குள்ள யாரோ…"

"சரியா கேக்கல. எந்த நம்பர் வேணும் உங்களுக்கு?"

"ஏய், உன் வீட்டுக்காரன்டி!"

மறுமுனையில் அவள் குரல் கெட்டிப்பட்டது. அறிமுகமில்லாத ஆண்களிடம் பேசும் குரல். அவன் மேல் அது இதுவரை விழுந்ததே இல்லை. "இங்க பாருங்க, என் வீட்டுக்காரர் இப்பத்தான் பேசிட்டு வச்சாரு. பொண்ணுக்கு வீடு செஞ்சு குடுத்துக்கிட்டு இருக்காரு. இனிமே இந்த நம்பருக்குப் பண்ணாதீங்க."

போன் அணைந்தது. மறுபடி போட்டான். போகவில்லை.

எதிர்ச் சுவரில் மூன்று பேரும் சேர்ந்து எடுத்துக்கொண்ட படம் மாட்டியிருந்தது. புகைப்படக்காரர் நேரத்தை இழுத்ததில் அவன் அதில் முகத்தைச் சுளித்தபடி நிற்பான். சிடுமூஞ்சி என்ற பெயருக்கு அந்தப் படம்தான் சாட்சி என்று மனைவி வருகிறவர்களிடமெல்லாம் காட்டுவாள். இப்போது படத்தில் அவன் சிரித்துக்கொண்டிருந்தான். அவன் முகம், அவன் சட்டை. ஆனால் புருவங்களுக்கு நடுவே இருந்த சுளிப்பு துடைத்தெடுத்ததுபோல இல்லை. பல் தெரியும் பொறுமையான சிரிப்பு. மகளின் தோள் மேல் கை.

துடைத்தெடுத்ததுபோல.

அவன் டப்பாவைப் பார்த்தான். கண்ணாடி மூடிக்குள், விடாமல் சிமிட்டும் நீல விளக்குக்குப் பக்கத்தில், ஒரு மஞ்சள் நட்சத்திரம்.

பழைய டிஸ்க் வெளியே இருந்தது. மாற்றிப் போட்டவன் அவனேதான். கடையிலிருந்து வந்தது உள்ளே, இடது கட்டத்தில். அவனுடையது வெளியே, வலது கட்டத்தில். அம்பு இடமிருந்து வலம். அந்தச் சிவப்பு எச்சரிக்கை இப்போது படிக்காமலே புரிந்தது: வலப்பக்கம் இருப்பதெல்லாம் அழியும், இடப்பக்கம் இருப்பது அங்கே எழுதப்படும், சம்மதமா? அவன் சம்மதித்திருந்தான். அழியாமல் போய்விடக்கூடாதே என்று இவ்வளவு நேரம் விரல் மரத்துப்போக அழுத்தியும் பிடித்திருந்தான்.

காலி டிஸ்க்கிலிருந்து எடுத்து எழுதுவதற்கு என்ன இருக்கிறது?

கோடு முக்கால்வாசியைத் தாண்டிக்கொண்டிருந்தது.

விரலை எடுத்தான். பின் நழுவி மேசையில் விழுந்தது. திரை இருளவில்லை. மூலையில் பேட்டரிப் படம் பச்சையாக, முழுசாக, நிறைந்து நின்றது. காலையிலிருந்து பூஜ்யத்தில் கிடந்த சனியன். பொத்தானை அழுத்திப் பிடித்தான். அணையவில்லை. கேபிளைப் பிடுங்கி எறிந்தான். டப்பா தனியாகக் கிடந்தது, எதனோடும் ஒட்டாமல்.

நீல விளக்கு சிமிட்டியது.

கோடு நகர்ந்தது.

"வாண்டு!"

கத்தினான். தொண்டை அதிர்ந்தது தெரிந்தது. சத்தம் வரவில்லை. எழ முயன்றான். கால்கள் இருந்தன, ஆனால் வெகு நேரம் மடித்து வைத்து மரத்துப்போன கால்களைப்போல, வேறு யாருடையதோ போல இருந்தன. கட்டைவிரலைப் பார்த்தான். காயம் இல்லை. ரத்தம் இல்லை. கோடுகூட இல்லை, ரேகைகூட.

உள்ளே கத்தரிக்கோல் நின்றது.

"அப்பா," வாண்டுவின் குரல். கெஞ்சும் குரல் இல்லை, திட்டு வருமோ என்ற பயம் துளியும் இல்லாத குரல். "மாடிக்கும் கதவு வைக்கலாமா?"

வைக்கலாம்டா, வைக்கலாம், எத்தனை வேண்டுமானாலும் வைக்கலாம், அப்பா இதோ வந்துட்டேன், வெளியே ஓடி வந்துடு. சொன்னான். உதடு அசைந்தது.

"வைக்கலாமே" என்றது அறைக்குள்ளிருந்து அவன் குரல். அவனுடையதேதான். அந்தக் கரகரப்பு, அந்த இழுப்பு. ஆனால் அவன் ஒருநாளும் அவளிடம் இவ்வளவு பொறுமையாகப் பேசியதில்லை. "எத்தன கதவு வேணும், சொல்லு. நமக்கு என்ன அவசரம்?"

அவனுக்கு அழுகை வந்தது. கண்ணீர் வரவில்லை.

கோடு முடிந்தது.

அறைக்கதவு திறந்தது. முதலில் அட்டை வீடு வந்தது. மாடி, ஜன்னல், ஒவ்வொரு ஜன்னலுக்கும் மடங்கும் கதவு, படிக்கட்டு. அழகாக, கோடு தவறாமல், தொழில் தெரிந்த கை வெட்டியது. அதைச் சுமந்துகொண்டு வாண்டு வந்தாள். பின்னால் வந்தவன் அவனுடைய சட்டையைப் போட்டிருந்தான். மழுங்கச் சிரைத்த முகம். இடது கட்டைவிரலில் பூப்போட்ட பிளாஸ்திரி, சின்னக் கைகள் கோணலாக ஒட்டிவிட்டது.

வாண்டு மேசையைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். அவனுக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்தாள்.

"அப்பா, இங்க யாராவது இருந்தாங்களா?"

"இல்லடா. காலி நாற்காலி."

வந்தவன் அந்த நாற்காலிக்கு வந்தான். அதை நகர்த்தவில்லை. அப்படியே உட்கார்ந்தான். பாரம் தெரியவில்லை. சோப்பு வாசனை தெரிந்தது, சட்டையின் சூடு தெரிந்தது, பிறகு எல்லாப் பக்கமும் இருட்டு. நெருக்கமான, சதுரமான இருட்டு. தலைக்கு மேல் மட்டும் ஒரு மஞ்சள் நட்சத்திரத்தின் விளிம்பு.

டப்பாவின் மூடி கழன்றது. வெளிச்சம் வந்தது. ஒரு சின்ன உள்ளங்கை அவனைத் தூக்கியது. அந்தக் கையின் பிசுபிசுப்பு, ஸ்டிக்கர் கோந்தின் வாசனை, எல்லாம் அவனுக்குத் தெரிந்தவை.

"இத என்னப்பா பண்றது?"

"அந்த உறையில போட்டு வை. கடையில திருப்பிக் குடுத்துடலாம். யாருக்காவது ஆகும்."

அவள் உடனே போடவில்லை. எதையும் கையில் எடுத்தால் ஆட்டிப் பார்ப்பாள், காதில் வைத்துப் பார்ப்பாள். அதற்கும் அவன் திட்டியிருக்கிறான். இப்போது அவளுடைய காது அருகே வந்தது. மேலும் அருகே. மென்மயிர், காது மடலின் மச்சம். அவன் இருக்கிற உயிரையெல்லாம் திரட்டி அவள் பெயரைச் சொல்லிக் கத்தினான்.

அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"அப்பா, உள்ள யாரோ திட்டற மாதிரி இருக்கு."

"அதுல ஒண்ணுமே இல்லடா குட்டி. தொடச்சாச்சு."

அவள் நட்சத்திரத்தை மட்டும் நகத்தால் உரித்து எடுத்துக்கொண்டாள். அதை அட்டை வீட்டின் கதவில் ஒட்டினாள். பிறகு, பத்திரமாக, சொன்ன பேச்சுக் கேட்கும் பிள்ளையாக, உறையின் வாயை மடித்து அழுத்தி மூடினாள்.